இந்தியர் குடும்ப வருமானம்: சராசரி சொல்வது ஒன்று, நடுவீடு சொல்வது வேறு

கோலாலம்பூர்: மலேசிய இந்தியக் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 8,216 ரிங்கிட். 2019ஆம் ஆண்டுக்கான குடும்ப வருமான ஆய்வில் புள்ளிவிவரத் துறை வெளியிட்ட எண் இது. அதே ஆய்வில் நாட்டின் சராசரி 7,901 ரிங்கிட். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இந்திய சமூகம் நாட்டின் அளவைவிட 315 ரிங்கிட் மேலே நிற்கிறது.

இந்த ஓர் எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு "இந்தியர்களுக்கு என்ன குறை?" என்று ஒருவர் கேட்டால், அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் தோட்டத்திலிருந்து வெளியேறி, அடுக்குமாடியில் வாடகைக்கு இருக்கும் ஒரு குடும்பம் அந்த எண்ணைக் கேட்டால், "எங்கள் வீட்டுக்கு இவ்வளவு வருவதே இல்லையே" என்றுதான் சொல்லும். அதுவும் பொய் இல்லை.

இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்? விடை, அதே அறிக்கையின் இன்னொரு பத்தியில் இருக்கிறது.

நடுவெண் என்ன சொல்கிறது?

தமிழ்ப்பள்ளிக் கணிதப் பாடத்தில் பிள்ளைகள் சராசரியோடு சேர்த்து நடுவெண்ணையும் படிக்கிறார்கள். எண்களைச் சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக எழுதி, சரி நடுவில் நிற்பதை எடுத்தால் அதுதான் நடுவெண். எல்லாக் குடும்பங்களையும் வருமான வரிசையில் நிற்க வைத்தால், நடுவில் நிற்கும் வீட்டின் வருமானம் அது. பாதிக் குடும்பங்கள் அதற்குக் கீழே, பாதி மேலே.

2019 ஆய்வில் இந்தியக் குடும்பங்களின் நடுவெண் 5,981 ரிங்கிட். நாட்டின் நடுவெண் 5,873 ரிங்கிட். சராசரியில் 315 ரிங்கிட்டாகத் தெரிந்த முன்னிலை, நடுவெண்ணில் 108 ரிங்கிட்டாகச் சுருங்கிவிடுகிறது.

இனவாரி ஒப்பீட்டிலும் இதே கதைதான். சராசரியை எடுத்தால் பூமிபுத்ரா குடும்பங்களுக்கு 7,093 ரிங்கிட், இந்தியர்களுக்கு 8,216 ரிங்கிட், சீனர்களுக்கு 9,895 ரிங்கிட். நடுவெண்ணை எடுத்தால் முறையே 5,420, 5,981, 7,391 ரிங்கிட். இந்தியர்களுக்கும் பூமிபுத்ராக்களுக்கும் இடையிலான வேறுபாடு சராசரியில் 1,123 ரிங்கிட். நடுவெண்ணில் 561 ரிங்கிட். கிட்டத்தட்ட சரிபாதி. அளந்த குடும்பங்கள் அதே குடும்பங்கள், ஆண்டும் அதே ஆண்டு. மாறியது அளவுகோல் மட்டுமே.

இன்னொரு கணக்கும் கவனிக்க வேண்டியது. ஒவ்வொரு சமூகத்திலும் சராசரி தன் நடுவெண்ணைவிட எவ்வளவு உயரத்தில் நிற்கிறது? பூமிபுத்ராக்களிடம் சுமார் 31 விழுக்காடு. சீனர்களிடம் சுமார் 34 விழுக்காடு. இந்தியர்களிடம் சுமார் 37 விழுக்காடு. மூன்றில் பெரிய இடைவெளி நம் சமூகத்திடம்தான்.

2016ஆம் ஆண்டு ஆய்வில் இந்தியர்களின் சராசரி 7,150 ரிங்கிட், நடுவெண் 5,428 ரிங்கிட். மூன்று ஆண்டுகளில் சராசரி சுமார் 15 விழுக்காடு ஏறியது. நடுவெண் சுமார் 10 விழுக்காடுதான் ஏறியது. மேல்தட்டு ஏறிய வேகத்தில் நடுவீடு ஏறவில்லை என்பதையே இந்த இரண்டு எண்களும் சேர்ந்து காட்டுகின்றன.

ஒரே ஒருவர் போதும்

சராசரி ஏன் இப்படி ஏமாற்றுகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனைக் கணக்கு போதும். ஒரு தாமானில் பத்து வீடுகள் கொண்ட ஒரு வரிசை. மாத வருமானம் இப்படி: 2,400, 2,600, 2,900, 3,100, 3,300, 3,500, 3,800, 4,200, 4,700, கடைசி வீட்டுக்காரர் சொந்தமாக லோரி நிறுவனம் நடத்துகிறார், அவருக்கு 39,500 ரிங்கிட்.

மொத்தம் 70,000. பத்தால் வகுத்தால் சராசரி 7,000 ரிங்கிட். ஆனால் பத்தில் ஒன்பது வீடுகள் 5,000 ரிங்கிட்டைக்கூடத் தொடவில்லை. நடுவெண்ணைப் பார்த்தால் 3,400 ரிங்கிட். அந்த வரிசையில் குடியிருப்பவரைக் கேட்டால் எந்த எண்ணை ஒப்புக்கொள்வார் என்று சொல்லத் தேவையில்லை.

இப்போது எதிர் வரிசையையும் பார்க்கலாம். அங்கே பத்து வீடுகளின் வருமானம் 3,200 ரிங்கிட்டில் தொடங்கி இருநூறு இருநூறாக ஏறி 5,000 ரிங்கிட்டில் முடிகிறது. சராசரி 4,100, நடுவெண்ணும் 4,100.

சராசரியை நம்பினால் முதல் வரிசை எதிர் வரிசையைவிட 2,900 ரிங்கிட் வசதியானது. நடுவெண்ணை நம்பினால் முதல் வரிசை 700 ரிங்கிட் பின்தங்கியது. "எந்த வரிசைக்கு உதவி?" என்ற கேள்விக்கு இரண்டு அளவுகளும் நேர் எதிரான பதிலைச் சொல்கின்றன. லோரி முதலாளி எந்தத் தவறும் செய்யவில்லை. ஆனால் அவருடைய வருமானம் அவருடைய ஒன்பது அண்டை வீட்டாரின் வறுமையை மறைத்துவிட்டது.

"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்" என்பது சோறு ஒரே சீராக வெந்திருக்கும்போதுதான் பொருந்தும். பாதி வெந்து பாதி வேகாத பானைக்கு எந்தச் சோற்றை எடுக்கிறோம் என்பதே முடிவைத் தீர்மானிக்கும்.

முனைகளை நீக்கும் முறை

புள்ளியியல் அறிஞர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. ஒழுங்காகத் தெரியும் எண்களுக்குள் மிகச் சில முரட்டு எண்கள் கலந்தாலே வழக்கமான கணக்குகள் தடம் புரளும் என்பதை அமெரிக்கரான ஜான் டூக்கி 1960ஆம் ஆண்டுக் கட்டுரையில் காட்டினார். சுவிட்சர்லாந்தின் பீட்டர் ஹியூபர் 1964இல் அதற்கான கோட்பாட்டை வகுத்தார். முனை எண்களுக்கு எளிதில் அசையாத இத்தகைய முறைகளை உறுதிமிக்க முறைகள் என்று சொல்லலாம்.

அவற்றில் எளிமையானது நடுவெண். அடுத்தது முனை நீக்கிய சராசரி. வரிசையின் இரு முனைகளிலிருந்தும் ஒரே எண்ணிக்கையில் நீக்கிவிட்டு மீதிக்குச் சராசரி பார்ப்பது. முதல் வரிசை வீடுகளில் கீழே ஒன்று, மேலே ஒன்று நீக்கினால் மீதி எட்டு வீடுகளின் சராசரி 3,512.50 ரிங்கிட். எதிர் வரிசையில் அதே போல நீக்கினாலும் 4,100தான். எந்த வரிசை பின்தங்கியது என்பது இப்போது சரியாகத் தெரிகிறது.

மூன்றாவது முறையில் யாரையும் நீக்குவதில்லை. முனையில் நிற்கும் எண்ணை அதற்கு அடுத்த எண்ணின் அளவுக்கு இழுத்துக்கொள்வார்கள். லோரி முதலாளியின் 39,500ஐ 4,700 என்றும், முதல் வீட்டின் 2,400ஐ 2,600 என்றும் வைத்தால் சராசரி 3,540 ரிங்கிட். பத்து வீடுகளும் கணக்கில் இருக்கின்றன. ஆனால் ஒரு வீடு மற்ற ஒன்பதை இழுத்துச் செல்லவில்லை.

மலேசியர்கள் இதைத் தொலைக்காட்சியிலேயே பார்த்திருக்கிறார்கள். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் முக்குளிப்பில் பண்டெலேலா ரினோங் வெண்கலம் வென்றபோது, ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஏழு நடுவர்கள் புள்ளி வழங்கினார்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு புள்ளிகளை நீக்கிவிட்டு நடுவில் உள்ள மூன்றைத்தான் கணக்கில் எடுப்பார்கள். ஒரு நடுவர் வேண்டியவருக்கு அள்ளிக் கொடுத்தாலும், வேண்டாதவருக்குக் கிள்ளிக் கொடுத்தாலும் முடிவு அசையக்கூடாது என்பதற்காகவே அந்த ஏற்பாடு. விளையாட்டுக்குக் கொடுக்கும் இந்தக் கவனத்தை ஒரு சமூகத்தின் வருமானத்துக்குக் கொடுப்பதில் தவறேதும் இல்லை.

இரண்டு குழுக்களை ஒப்பிடும்போது

ஒரு குழுவை அளப்பதைவிட இரண்டு குழுக்களை ஒப்பிடுவது கடினம். "இந்த வேறுபாடு உண்மையானதா, அல்லது ஆய்வில் சிக்கிய குடும்பங்களின் தற்செயலா?" என்ற கேள்வி கூடவே வரும். எல்லா வீடுகளையும் யாரும் எண்ணுவதில்லை. மாதிரியாகச் சில வீடுகளைத்தான் கேட்கிறார்கள்.

இங்கே முனை எண்கள் இரண்டு விதமாகக் கெடுக்கின்றன. ஒன்று, சராசரியைத் தூக்கிவிடுகின்றன. மற்றொன்று, எண்களின் சிதறலைப் பெரிதாகக் காட்டுகின்றன. சிதறல் பெரிதானால் வழக்கமான சோதனை "வேறுபாடு இருப்பதாக உறுதியாகச் சொல்ல முடியாது" என்று கைவிரித்துவிடும். உண்மையிலேயே பின்தங்கியிருக்கும் குழு அதனால் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம்.

இதற்காகவே 1974இல் கேரன் யூன் ஒரு சோதனையை வகுத்தார். இரு குழுக்களின் முனை நீக்கிய சராசரிகளை அது ஒப்பிடுகிறது. சிதறலையும் முனைகளை மடக்கிய பிறகே கணக்கிடுகிறது. இரண்டு குழுக்களும் ஒரே அளவு சிதறியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதற்கு இல்லை. ஒரே மாதிரி சிதறாத சமூகங்களை ஒப்பிட இது முக்கியம்.

இன்னொரு முறையை 1979இல் பிராட்லி எஃப்ரான் அறிமுகப்படுத்தினார். அதைக் குலுக்கல் சீட்டு மாதிரி நினைத்துக்கொள்ளலாம். ஆய்வில் கிடைத்த குடும்பங்களின் வருமானத்தைச் சீட்டுகளில் எழுதி டின்னில் போட வேண்டும். ஒரு சீட்டை எடுத்துக் குறித்துவிட்டு, மறுபடி டின்னிலேயே போட்டுக் குலுக்க வேண்டும். முதலில் இருந்த எண்ணிக்கை வரும்வரை இப்படி எடுத்து, நடுவெண்ணைக் கணக்கிட வேண்டும். இதையே கணினி ஆயிரக்கணக்கான முறை செய்யும். ஒவ்வொரு முறையும் வரும் நடுவெண்கள் ஒன்றுக்கொன்று பக்கத்திலேயே விழுந்தால் அந்த எண்ணை நம்பலாம். அங்கும் இங்கும் விழுந்தால் அவசரப்பட்டு முடிவு கட்டக்கூடாது.

நம் சமூகத்துக்கு இது ஏன் முக்கியம்? 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குடிமக்களில் இந்தியர்கள் 6.7 விழுக்காடு. எந்த மாதிரி ஆய்விலும் இந்தியக் குடும்பங்கள் எண்ணிக்கையில் குறைவாகவே இருக்கும். அதை மாநிலம் மாநிலமாகவும், நகரம் கிராமம் என்றும் பிரித்தால் இன்னும் சுருங்கும். எண்ணிக்கை குறையக் குறைய ஓரிரு பணக்காரக் குடும்பங்கள் சராசரியை ஆட்டிவைக்கும் ஆற்றல் கூடும். அந்த இடத்தில்தான் உறுதிமிக்க முறைகள் அதிகம் தேவைப்படுகின்றன.

பள்ளிகளுக்கும் இதே பாடம்

தேர்வு முடிவுகளை வைத்துப் பள்ளிகளை வரிசைப்படுத்தும் பழக்கத்தைப் பெற்றோர்கள் நன்றாக அறிவார்கள். யுபிஎஸ்ஆர் தேர்வு 2021இல் அகற்றப்பட்டாலும், பள்ளிச் சராசரியைக் கேட்டு முகம் சுளிக்கும் பழக்கம் அகலவில்லை.

ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஒரு வகுப்பில் எட்டே பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேர் தலா 70 புள்ளிகள் எடுக்கிறார்கள். எட்டாவது பிள்ளை காய்ச்சலில் வரவில்லை. சுழியம் என்று பதிவாகிறது. வகுப்புச் சராசரி 61.25க்கு இறங்கிவிடும். நடுவெண் 70லேயே நிற்கும். அதே நிலை 160 பிள்ளைகள் உள்ள பட்டணத்துப் பள்ளியில் ஒருவருக்கு நேர்ந்தால் சராசரி அரைப் புள்ளிகூட இறங்காது. சராசரியை மட்டும் பார்ப்பவர் "தோட்டப் பள்ளி ஒன்பது புள்ளி பின்தங்கிவிட்டது" என்பார். உண்மையில் பின்தங்கியது பள்ளி அல்ல. ஒரு பிள்ளையின் உடல்நலம்.

சிறிய பள்ளிகளை நடத்தும் தலைமையாசிரியர்கள் ஆண்டுதோறும் சந்திக்கும் ஏற்ற இறக்கம் இதுதான். ஓர் ஆண்டு மாவட்டத்தின் உச்சியில், அடுத்த ஆண்டு அடியில். அதில் பெரும்பங்கு எண்ணிக்கை குறைவின் விளையாட்டாக இருக்கலாம். பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றும் முன் பெற்றோர் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

சராசரிக்கும் வேலை உண்டு

இதற்காகச் சராசரியைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. மொத்தம் எவ்வளவு என்று தெரிய வேண்டிய இடத்தில் சராசரிதான் உதவும். கோயில் திருப்பணிக்கு ஒரு குடும்பம் சராசரியாக 200 ரிங்கிட் கொடுக்கிறது, 300 குடும்பங்கள் இருக்கின்றன என்றால் 60,000 ரிங்கிட் சேரும். அங்கே நடுவெண்ணை வைத்துப் பெருக்கினால் கணக்கு தப்பும். அரசாங்கத்தின் வரி வசூலும் அப்படித்தான்.

"ஒரு சாதாரணக் குடும்பம் எப்படி வாழ்கிறது?" என்பது வேறு கேள்வி. அதற்கு நடுவெண்தான் பக்கத்தில் வரும். புள்ளிவிவரத் துறையே இரண்டையும் சேர்த்துத்தான் வெளியிடுகிறது. 2022இல் நாட்டின் குடும்ப வருமான நடுவெண் 6,338 ரிங்கிட், சராசரி 8,479 ரிங்கிட். சம்பளத்திலும் அப்படியே. அதே ஆண்டில் மாதச் சம்பளத்தின் நடுவெண் 2,424 ரிங்கிட், சராசரி 3,212 ரிங்கிட். இரண்டில் எதைத் தேர்ந்தெடுத்து மேடையில் பேசுகிறோம் என்பதே வேறுபாடு.

நடுவெண்ணும் மறைப்பது உண்டு

நடுவெண்ணை மட்டும் பிடித்துக்கொள்வதிலும் ஆபத்து இருக்கிறது. நடுவீட்டுக்குக் கீழே இருப்பவர்கள் எவ்வளவு கீழே இருக்கிறார்கள் என்பதை அது சொல்லாது. கற்பனை வரிசையில் 2,400 ரிங்கிட் வருமானமுள்ள வீடு வேலையை இழந்து 900 ரிங்கிட்டுக்கு இறங்கினாலும் நடுவெண் 3,400லேயே நிற்கும். முனை நீக்கிய சராசரியோ அந்த வீட்டைக் கணக்கிலிருந்தே விலக்கிவிடும். லோரி முதலாளியை நீக்கும் அதே கத்தரிக்கோல் அடிமட்டக் குடும்பத்தையும் நீக்கிவிடுகிறது. உதவி யாருக்குத் தேவையோ அவரே காணாமல் போவதற்கு இதுவும் ஒரு வழி.

அதனால்தான் அடிமட்டத்தைத் தனியாக அளக்க வேண்டும். 2022இல் நாட்டின் வறுமைக் கோட்டு வருமானம் 2,589 ரிங்கிட். அதற்குக் கீழே இருந்த குடும்பங்கள் 6.2 விழுக்காடு. இங்கும் அளவுகோல் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு பாடம் இருக்கிறது. பழைய கோட்டின்படி 2016இல் நாட்டின் வறுமை 0.4 விழுக்காடு. 2020இல் புதிய கணக்கு முறை வெளியிடப்பட்டு, அதே 2016க்குப் பொருத்திப் பார்த்தபோது அது 7.6 விழுக்காடு ஆனது. ஏழைகள் ஒரே நாளில் பெருகவில்லை. ஏற்கெனவே இருந்தவர்கள் கணக்கில் வந்தார்கள்.

கொள்கையில் என்ன மாற்றம்?

1970இல் தீபகற்ப மலேசியாவில் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் மலாய்க்காரர்களுக்கு 172 ரிங்கிட், இந்தியர்களுக்கு 304, சீனர்களுக்கு 394 என்று பதிவானது. புதிய பொருளாதாரக் கொள்கையைப் பற்றிய விவாதங்களில் இனங்களுக்கு இடையிலான ஒப்பீடு பெரும்பாலும் இத்தகைய சராசரிகளைக் கொண்டே நடந்தது. அந்த வரிசையில் இந்தியர்கள் நடுவில் நின்றார்கள். நடுவில் நிற்பவர் மேல் அவசரமாக யாருடைய பார்வையும் விழுவதில்லை. பால்மரம் வெட்டிய குடும்பமும் பட்டணத்து மருத்துவர் குடும்பமும் ஒரே எண்ணுக்குள் கரைந்துபோயின.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2017இல் வெளியான மலேசிய இந்தியர் பெருந்திட்டம் பி40 குடும்பங்களைக் குறிவைத்தது. 2018இல் மித்ரா அமைக்கப்பட்டது. ஆண்டுக்கு 100 மில்லியன் ரிங்கிட் என்ற ஒதுக்கீடும் சமூகம் அறிந்ததே. ஆனால் அந்தப் பணம் சேர வேண்டிய வீட்டைச் சேர்ந்ததா என்பதை எந்த எண்ணால் அளப்பது? சமூகத்தின் சராசரி வருமானம் ஏறியதைக் காட்டி வெற்றி என்றால், வசதியானவர்களின் வியாபாரம் பெருகியதும் அந்த வெற்றியில் சேர்ந்துவிடும். நடுவெண்ணும் அடியிலுள்ள பத்து விழுக்காட்டினரின் வருமானமும் ஏறினால்தான் உதவி போய்ச் சேர்ந்தது என்று சொல்ல முடியும்.

அடுத்த முறை சமூகத்தைப் பற்றி ஓர் எண் மேடையிலோ செய்தியிலோ வரும்போது இளைஞர் இயக்கங்களும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இது சராசரியா, நடுவெண்ணா? ஆய்வில் எத்தனை இந்தியக் குடும்பங்கள் இருந்தன, பிழை வரம்பு எவ்வளவு? முனைகள் நீக்கப்பட்டனவா, நீக்கப்பட்டிருந்தால் ஏன்? அடியிலுள்ள பத்து விழுக்காட்டினரின் நிலை தனியாகச் சொல்லப்பட்டதா?

கூடவே ஐந்தாவதாக ஒன்று: இது ஒருவரின் சம்பளமா, முழு வீட்டின் வருமானமா? 5,981 ரிங்கிட் என்பது வீட்டில் சம்பாதிக்கும் எல்லோருடைய வருமானத்தையும் பிடித்தம் போகுமுன் கூட்டிய தொகை. அப்பா, அம்மா, வேலைக்குப் போகும் மகள் மூவரும் சேர்ந்து கொண்டுவருவதும் அதில்தான் அடக்கம்.

இந்தக் கேள்விகளுக்குப் புள்ளியியல் பட்டம் தேவையில்லை. தமிழ்ப்பள்ளியில் படித்த நடுவெண் போதும். 2019இல் இந்தியக் குடும்பங்களில் பாதிக்கு 5,981 ரிங்கிட்டுக்கும் குறைவாகவே வந்தது என்ற ஒரு வரியை 8,216க்குப் பக்கத்தில் எழுதிவிட்டால், "உங்களுக்கு என்ன குறை?" என்று கேட்பவர் அடுத்த கேள்வியைக் கொஞ்சம் யோசித்துத்தான் கேட்பார்.